இருதயராஜின் இருமல்

இருதயராஜுக்குச் சளி இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. பிறந்த அன்றே மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கு நிற்காமல் ஒழுகியது. காதில் சீழ் வைத்தது. பச்சைக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் தண்ணீரைச் சரியாகச் சுடவைக்காமல் குளிப்பாட்டிவிட்டேன், அதுதான் இவன் நெஞ்சில் தங்கிவிட்டது என்று அவன் அம்மா நம்பினாள். சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூந்தமல்லியில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் தனி இடம் அவனுடையது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வீட்டிலிருந்து ஆள் வந்து இடத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் போவார்கள். டிபி என்று இரண்டு தடவை மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சளியில் கிருமி எதுவும் இல்லை என்றுதான் வந்தது. இருந்தாலும், எதற்கும் சாப்பிடட்டும் என்றார்கள். மாத்திரை முடிந்தது. இருமல் முடியவில்லை.

ஐடிஐ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். கை நல்ல கை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஆள் நகர்ந்து உட்காருவார்கள். அவனும் சண்டை போடவில்லை. தானே தள்ளிப்போய், இரும்புத்தூள் கொட்டும் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டான். கொஞ்ச நாளில் பட்டறையை விட்டுவிட்டு, பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு எடைமேடையில் வேலைக்குப் போனான். லாரி வந்து மேடையில் ஏறும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு அடித்து, கையளவு துவாரத்தின் வழியாக நீட்ட வேண்டும். நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டாம். காது கொஞ்சம் மந்தம் என்பதும் அங்கே குறையாகத் தெரியவில்லை. இருமினால் கண்ணாடிக்குள்ளேயே போய்விடும். தனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தான்.

அம்மா நோயில் விழுவதற்கு முன்னால் அவனுக்குப் பெண் பார்த்தாள். ஆவடியில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருந்த ரெனிதா. அம்பத்தூரில் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பகுதியில் வேலை செய்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் இருதயராஜ் அவளிடம் தனியாக ஒன்றே ஒன்றைச் சொன்னான். ராத்திரியெல்லாம் இருமுவேன், உனக்குத் தூக்கம் வராது, இப்போதே யோசித்துக்கொள் என்றான்.

"எங்க ஊட்டுப் பின்னாடியே ட்ரெயின் போவுதுங்க," என்றாள் ரெனிதா. "அந்தச் சத்தத்துலயே தூங்குறவ நான்."

அவள் சொன்னபடியே தூங்கினாள். அவன் இருமும்போது எழுந்து போகாத, முகத்தைத் திருப்பாத முதல் ஆள் அவள். தான் அதை எவ்வளவு பெரிதாக நினைக்கிறான் என்பதை அவன் அவளிடம் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை.

வருடங்கள் போயின. குழந்தை இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். கொரோனா வந்தபோது அவன் இருமலைக் கேட்டுப் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் நகராட்சி சுகாதார ஆளை வரவழைத்தார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தபோதும் வீட்டுக்காரர் பணிவாகக் காலி பண்ணச் சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனுக்குப் போனார்கள். ரெனிதாவின் அம்மா அங்கே வரும்போதெல்லாம் மகளைத்தான் டாக்டரிடம் போகச் சொன்னாள். ரெனிதா போனாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் முகப்பேரில் உள்ள ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் இருதயராஜைப் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

பூட்டிய சின்ன அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தது அவன் வாழ்க்கையிலேயே கூச்சமான நேரம். வெளியே வந்து அதைக் கொடுக்கும்போது தலை நிமிரவில்லை. ஆய்வகத்தில் இருந்த ஜெயப்பிரியா என்ற பெண் அதைச் சர்க்கரை டப்பா வாங்குவது போலச் சாதாரணமாக வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ரேகா இருவரையும் கூப்பிட்டார். மெலிந்த உருவம், அவசரமே இல்லாத பேச்சு. விந்தணுக்கள் எண்ணிக்கையில் குறைவில்லை, உருவத்திலும் பெரிய கோளாறு இல்லை, ஆனால் ஒன்றுகூட நகரவில்லை என்றார். முதலில் எல்லாம் செத்துவிட்டன என்றுதான் ஜெயப்பிரியா நினைத்திருக்கிறாள். பிறகு ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் பார்த்திருக்கிறாள். செத்த அணுவுக்குள் சாயம் புகுந்து சிவந்துவிடும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. பெரும்பாலானவை வெளுப்பாகவே இருந்தன. உயிரோடு இருக்கின்றன, ஆனால் நீந்தவில்லை.

டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே இருதயராஜுக்கு இருமல் வந்தது. வழக்கம்போல எழுந்து வெளியே போகப் பார்த்தான். அவர் உட்காரச் சொன்னார். இந்த இருமல் எத்தனை நாளாக என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றான். மூக்கு? எப்போதும் அடைப்பு. காது? சீழ் வைத்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். இடது மார்பில் வைத்துக் கேட்டார். கொஞ்சம் நகர்த்தினார். பிறகு வலப்பக்கம் வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருதயராஜ், உங்க இதயம் வலது பக்கம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையா?"

ரெனிதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேருக்கு ஏற்ற ஆள்தான் என்று நினைத்திருப்பாள். அடுத்த நொடியே பயந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருதயராஜுக்கு ஒன்று நினைவு வந்தது. டிபிக்காக எடுத்த எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டும்போது, ஃபிலிமைத் திருப்பி மாட்டிவிட்டோம் என்று சொல்லி ஒருவர் அதைப் புரட்டி மாட்டியதைச் சின்ன வயதில் பார்த்திருந்தான். அன்றைக்கு அவர் புரட்டுவதற்கு முன்னால் அது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

டாக்டர் ஒரு தாளில் விந்தணுவை வரைந்து காட்டினார். முன்னால் தலை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டிய பாதிப் பங்கு அதற்குள்தான் இருக்கிறது, மீதிப் பாதி தாயின் முட்டையில். தலைக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு உறை. முட்டையைச் சுற்றியுள்ள தடித்த தோலைக் கரைக்கும் திரவம் அந்தத் தொப்பியில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே சுருள் சுருளாகச் சுற்றியிருப்பவை நீந்துவதற்குச் சக்தி கொடுப்பவை. அதற்குப் பின்னால் நீளமாக வால். கோடிக்கணக்கில் கிளம்பினாலும் முட்டைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வது சில நூறுதான், அதிலும் ஒன்றுதான் உள்ளே நுழையும், நுழைந்த உடனே முட்டை தன் தோலை இறுக்கிக்கொண்டு மற்றதை விடாது என்றார்.

பிறகு வாலைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் ஒன்பது ஜோடிக் குழாய்கள், நடுவில் இரண்டு. ஓரத்துக் குழாய் ஒவ்வொன்றிலிருந்தும் சின்னக் கைகள் நீண்டு பக்கத்துக் குழாயைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில்தான் வால் சாட்டை மாதிரி அடிக்கிறது. "அந்தக் கைங்க உங்களுக்கு உருவாகலன்னு நெனைக்கிறேன்," என்றார். "இதே அமைப்புல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முடிங்க மூக்குலயும் காதுலயும் மூச்சுக் குழாயிலயும் இருக்கு. சளியை அதுதான் வெளிய கூட்டித் தள்ளும். உங்களுக்கு அதுவும் அசையாது. வயித்துல கருவா இருக்கும்போது இதயம் எந்தப் பக்கம்னு முடிவு பண்றதுலயும் அந்த முடிங்களுக்குப் பங்கு இருக்கு. அது சுழலலன்னா இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எது வேணும்னாலும் நடக்கலாம்."

நிச்சயப்படுத்த இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும் என்றார். அதற்கெல்லாம் போய் வந்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டதுதான் சரி என்று வந்தது. அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார்கள். ஆமாம், அத்தை மகன் மாமன் மகள். இருவரிடமும் மறைந்திருந்த ஒரே குறை இவனிடம் சேர்ந்து வெளிப்பட்டிருக்கிறது என்றார்கள்.

திரும்பி வரும் வழியில், மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது இருதயராஜுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது போல இருந்தது. சளி, காது, டிபி மாத்திரை, குழந்தை இல்லாதது எல்லாம் ஒன்றுதான். தொற்றிக்கொள்ளும் வியாதி இல்லை. இதைச் சொல்ல ஒருவரும் இல்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்த ஞாயிறு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அம்மாவின் சிலுவைக்கு முன்னால் நின்றான். நீ குளிப்பாட்டிய தண்ணீர் காரணம் இல்லை என்று சத்தமாகவே சொன்னான். சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்பதைச் சொல்லவில்லை. அவள் அதற்கும் அழுதிருப்பாள்.

நெஞ்சு டாக்டர் ஒருவர் உப்புத் தண்ணீர் ஆவி பிடிக்கவும், தினமும் முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றவும் சொல்லிக்கொடுத்தார். காலையில் ரெனிதா அவனைக் கட்டிலில் குப்புறச் சாய்த்து, உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து முதுகின் இரண்டு பக்கமும் தட்டுவாள். அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்புவாள். இத்தனை வருடத்தில் அவனுக்கு மூச்சு அவ்வளவு ஆழமாக வந்ததே இல்லை.

குழந்தைக்கும் வழி இருந்தது. விந்தணு நீந்தத்தான் முடியாது, தலைக்குள் இருக்கும் பங்கு சரியாகவே இருக்கிறது, அதை எடுத்து ஊசியால் நேராக முட்டைக்குள் வைத்துவிடலாம் என்றார் டாக்டர் ரேகா. மற்றவர்களைவிட வாய்ப்புக் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. ரெனிதா அவன் சொந்தம் இல்லை என்பதால் பிள்ளைக்கு இந்த நோய் வருவது அரிது என்றார். இப்படிப் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பங்குத் தந்தை என்ன சொல்வார் என்று இருவருக்கும் தெரியும். அதனால் அவரிடம் கேட்கவில்லை.

ரெனிதாவுக்கு ஊசிகள் போட்டு முட்டைகளை எடுத்தார்கள். அன்று இருதயராஜ் தயங்கித் தயங்கி ஜெயப்பிரியாவிடம், அசையாததில் உயிருள்ளது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டான். ஊசிக்கு எடுத்தது போக ஒரு சொட்டு மீதம் இருந்தது. அவள் அதில் நீர்த்த திரவம் ஒரு துளி சேர்த்துத் திரையில் காட்டினாள். சாம்பல் நிறத்தில் சிதறிக் கிடந்தன. நேர் நேராக, மழை விட்ட பிறகு தரையில் ஒட்டிக்கொண்ட முடிகளைப் போல. கொஞ்ச நேரத்தில் ஒன்றின் வால் நுனி உப்பிச் சுருண்டது. அப்புறம் இன்னொன்று.

"உயிர் இருந்தாதான் தண்ணி உள்ள போயி வால் சுருளும் சார். செத்தது அப்பிடியே நீட்டிக்கினு கெடக்கும்," என்றாள் ஜெயப்பிரியா.

இருதயராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவை அவனுடையவை. அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கின்றன. 

மறுநாள் போன் வந்தது. இரண்டு முட்டைகளில் அவன் பங்கும் அவள் பங்கும் இரண்டு சின்ன வட்டங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன, கரு பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு கருவை ரெனிதாவின் கர்ப்பப்பையில் வைத்தார்கள். இன்னொன்றை உறைய வைத்தார்கள். ரெனிதா கர்ப்பமானாள். ஆனால் மூன்றாவது மாதம் தொடங்கும்போது ஸ்கேனில் துடிப்பு இல்லை.

ரெனிதா கட்டிலிலேயே கிடந்தாள். இருதயராஜுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தன் உடம்பில் இருக்கும் கோளாறுக்கு இவள் ஏன் ஊசி குத்திக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வேலைக்குப் போகாமல் ஆவடிக்குப் போய் மாமியாரிடம் பேசினான். குறை முழுக்க என்னுடையது, ரெனிதாவுக்கு இன்னும் வயசு இருக்கிறது, அவளுக்கு வேறு வாழ்க்கை அமைத்துக்கொடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றான். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தான்.

சாயங்காலத்துக்குள் அது ரெனிதாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. பையில் துணியை எடுத்து வைத்தாள்.

"புள்ள போச்சுன்னு நான் அழுதுகினு கீறேன். நீங்க எனக்கு இன்னொரு மாப்ள பாக்கச் சொல்லிட்டு வந்து கீறீங்க," என்றாள். அவ்வளவுதான். ஆவடி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. தன்னிடமிருந்து அவளை விடுவித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையில் உப்பு ஆவி பிடிப்பான். ஆனால் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாது. சுவரில் முதுகை மோதிப் பார்த்தான். தலையணையைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் வைத்துக் கட்டில் விளிம்பில் தொங்கிப் பார்த்தான். இருமி இருமி விலா வலித்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். ஹோட்டலில் பார்சல் வாங்கி எடைமேடை அறைக்குள்ளேயே சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதும் நின்றது. மெட்ரோ வேலைக்கு மண் அள்ளும் லாரிகள் வரிசையாக வரும். துவாரத்துக்கு வெளியே கை நீளும், சீட்டை வாங்கும், போகும். அந்தக் கைகளுக்கு மேலே இருக்கும் முகங்களை அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. எடைமேடைக்கு வந்த ஒருவர் கண்ணாடிக்குள் அவன் மேஜைமேல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா. கூட யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். யாரும் இல்லை என்றான். யாராவது ஒருவர் பெயர் வேண்டும், பதிவில் எழுதத்தான் என்றாள். வெகுநேரம் யோசித்துவிட்டு ரெனிதாவின் எண்ணைச் சொன்னான். கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னான். நர்ஸ் கூப்பிட்டாள்.

மதியத்தில் ரெனிதா வந்தாள். நனைந்த குடையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அவன் தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பி, கையைக் குவித்து முதுகைத் தட்டத் தொடங்கினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு இருமல் வந்தது. அவள் கிண்ணத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் வாயைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குத் தனியா இருந்து பழக்கம் ரெனி," என்றான் அவன், மூச்சு வாங்க. "உன்னையும் அதுக்குள்ள இழுக்கக் கூடாதுன்னுதான்..."

"கட்டிக்கினு வந்தப்பவே நான் அதுக்குள்ள வந்துட்டேங்க," என்றாள். "நீங்கதான் கதவ சாத்திக்கினு உள்ள யாரும் இல்லன்னு நெனச்சிக்கினு கீறீங்க. புள்ள இல்லன்னு நான் போவல. என்கிட்ட பேசாம எங்கம்மாகிட்டப் போய்ப் பேசினீங்க பாருங்க, அதுக்குத்தான் போனேன்."

மன்னிச்சிடு என்று அவன் சொன்னான். அது இருமலில் பாதி போய்விட்டது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடியும் கேட்காமல் இன்னொரு பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள்.

இருவரும் மாடிப் போர்ஷனுக்குத் திரும்பிய பிறகு, உறைய வைத்த கருவைப் பற்றிப் பேச்சை எடுத்ததும் அவள்தான். அது பாட்டுக்கு அங்கே குளிரில் கிடக்கிறது, நம்முடையதுதானே என்றாள். அவன் இந்தத் தடவை யாரையும் போய்ப் பார்க்கவில்லை. உனக்கு முடியுமா என்று அவளிடமே கேட்டான். முடியும் என்றாள். நடக்கவில்லை என்றால் என்று இழுத்தான். நடக்கவில்லை என்றால் இரண்டு பேராக இருப்போம் என்றாள்.

நடந்தது. அந்த மாதங்களில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது மாதம் கடக்கும்வரை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு யாரும் இல்லை என்பதும் உண்மை. அடுத்த செப்டம்பரில் ஒரு காலை பெண் குழந்தை பிறந்தது. குழந்தை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் இடது பக்கம், மூச்சு சுத்தம் என்றார். ரெனிதா அவனைப் பார்த்தாள். அவன் வாசல் நிலைக்கு வெளியே நின்றான். நெஞ்சில் சளி அதிகமாக இருந்ததால் கிட்டே வர வேண்டாம், ஓரிரு நாள் போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். துணிச் சுருளுக்குள் நெற்றி மட்டும் தெரிந்தது. மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அறைக்குள் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவன் நிற்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

கீழே இறங்கி டீ வாங்கினான். போனை எடுத்தான். பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். லாரி கம்பெனிகள், தண்ணீர் கேன் போடுகிறவர், கேஸ். அம்மாவின் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கே போய்விட்டான்.

முதலில் வந்தது மண் லாரி. மேடையில் ஏறி நின்றது. சீட்டை அடித்து நீட்டினான். வெளியே கை நீண்டது. சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். தாடியில் நரை ஓடிய டிரைவர். சட்டைப் பையில் முனியன் என்று பெயர் தைத்திருந்தது. எத்தனையோ முறை வந்து போன ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

"எனக்குப் பொண்ணு பொறந்துகீது," என்றான் இருதயராஜ்.

முனியன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு லாரியை அங்கேயே விட்டுவிட்டுச் சுற்றி வந்து, கண்ணாடி அறையின் கதவைத் தட்டினார். அந்தக் கதவை வெளியாள் யாரும் தட்டியதில்லை. இருதயராஜ் எழுந்து திறந்தான். மண் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முனியன் அவன் கையைப் பிடித்தார்.

"எப்போ அண்ணாத்தே? இன்னா பேரு வச்சுகீற?"

"காலைலதான். பேரு இன்னும் வைக்கல."

சொல்லிவிட்டு இருதயராஜ் இருமினான். முனியன் கையை விடாமல் இருமல் அடங்கும்வரை நின்றார். பின்னால் அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.